இரண்டாம் நடுவருக்கு மறுமொழி

பெயர் தெரியாத ஐயா, அல்லது அம்மா,
ருமேனியாவின் யாஷ் நகரிலிருந்து எழுதுகிறேன்.
பிப்ரவரி. பாஹ்லுய் ஆறு உறைந்துவிட்டது.
டிராம் கம்பியில் மட்டும் அவ்வப்போது ஒரு நீலப் பொறி.

உங்கள் முதல் பதினொரு குறிப்புகளையும் ஏற்கிறேன்:
விடுபட்ட காற்புள்ளி, இருமுறை வந்த ஒரே சமன்பாடு,
எங்கள் கட்டுரைகளையே நாங்கள் மேற்கோள் காட்டிக்கொண்ட பெருமை.
பன்னிரண்டாவதுதான்.

வெளி பிளவுபடாதது என்று எங்கே சொன்னீர்கள்?

சொல்லவில்லை.
ஒன்பது வருடமாகச் சொல்லவில்லை.

வகுப்புக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொண்டுபோவேன்.
காம்பில் ஒரு பல்குச்சியைத் தோலோடு ஒட்டிவைத்து
பழத்தின் இடுப்புவரை இறக்கி,
கால் சுற்று பக்கவாட்டில் நகர்த்தி,
மறுபடி காம்புக்கு ஏற்றினால்
குச்சி செங்கோணம் திரும்பி நிற்கும்.
யார் திருப்பியது? என்பேன்.
விரல்கள் திருப்பவில்லை. பழம் உருண்டையாக இருந்தது, அவ்வளவுதான்.
எந்தச் சுற்றுப் போய் வந்தாலும்
போனபடியே வந்து நிற்கும் டென்சர் அபூர்வம்.
அதைத்தான் இணை என்கிறோம்.

அப்படி ஒன்று கிடைத்தால் அது அளவையின் மடங்கேதான்,
வேறாக இருக்கவே முடியாது என்று எழுதியது வாலெரியு.
மடங்கு என்றால் ஒரே ஓர் எண்.
அந்த எண் கைக்கு வந்துவிட்டால் வெளி ஒரு சாலிட்டான்:
வளைவு வெப்பம்போலப் பரவி
மற்றதெல்லாம் முகம் இழந்துகொண்டிருக்க
சுருங்கவும் விரியவும் சும்மா நழுவவும் மட்டுமே தெரிந்த வடிவம்.
நான் தோளுக்குப் பின்னால் நின்று தலையசைத்தேன்.
சரிபார்த்தாயா என்றால்,
அன்று அடுப்பில் பிளம் ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் சொல்வது சரி.
வெளி இரண்டின் பெருக்கமாக இருந்தால்
எண்ணும் இரண்டாகலாம், ஆளுக்கொன்று.
இரண்டும் மாறிலி. இரண்டிலும் பிழையில்லை.
ஒரு பாதி சுருங்கும், மறு பாதி விரியும்;
எத்தனை சுற்றினாலும்
ஒன்றின் அம்பு மற்றதன் பக்கம் சாயாது.
சுற்றிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.
இரண்டும் போனபடியேதான் திரும்பி வரும்,
சாயங்காலம் ஏழு மணிக்கு,
கதவருகே பனிக்காலணியை உதறிக்கொண்டு.

வாலெரியு அக்டோபரில் க்ளூஜுக்கு மாறிவிட்டான்.
சண்டை எதுவும் இல்லை.
கரும்பலகையை யார் எடுப்பது என்பதில்தான்
கொஞ்சம் தாமதமானது.
உங்கள் கேள்வியை அப்படியே அனுப்பினேன்.
பதில் ஒரே சொல்: சேர்த்துவிடு.

சேர்த்துவிட்டேன்.
நான்காம் தேற்றம் இனி இப்படித் தொடங்கும்:
பிளவுபடாத வெளி ஒன்றில்.
ஐந்தாம் பகுதியின் எடுத்துக்காட்டு இதனால் விழுந்துவிடுகிறது.
எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.
அதை நீக்க இன்னும் இரண்டு வாரம் அவகாசம் வேண்டும்.

ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில், முன்போலவே.
முகவரி அடிக்குறிப்பு மட்டும் இப்போது இரண்டு.
ஆரஞ்சைச் சாப்பிட்டுவிட்டேன்.
குச்சி மேசைமேல் இருக்கிறது,
எந்தத் திசையைக் காட்டுகிறது என்று நான் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ருக்ஸாந்த்ரா