நாற்பத்தேழாம் வரிசை

திசையன்விளையிலிருந்து இரண்டு சாக்கு தேரி மணல்.
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்:
"மண்ணுக்கா காசு குடுக்கிய?"
நாங்குநேரி தாண்டும்வரை
தையல் விட்ட சாக்கிலிருந்து
சிவப்பு என் செருப்பில் கசிந்தது.

போன தடவை நடந்தது வேறு.
மைதீன் பிச்சைக்கு இளகிய மனசு.
வெளுத்த இலைகளைப் பார்க்கப் பொறுக்காமல்
தொட்டி தொட்டியாய்
சூப்பர் பாஸ்பேட் தூவிவிட்டார்.
உளுந்தெல்லாம் கருகருவென்று எழுந்தது.
காடியில் பேனா மை கலந்து
வேருக்குச் சாயமேற்றிப் பார்த்தால்
ஒன்றிலும் பூஞ்சை இல்லை.
வயிறு நிறைந்த வேர் யாரையும் கூப்பிடவில்லை.
திறக்கத் தெரியாத நாற்பத்தேழும்
திறக்க மறுத்த மற்றவையும்
ஒரே முகமாய் நின்றன.
நான்கு மாதம், குப்பையில்.

இம்முறை பட்டினி.
பசித்த வேர் இருட்டில்
ஒரு வாசனையை அவிழ்த்துவிடுகிறது.
எங்கோ உறங்கும் வித்து
கிளைவிட்டு அந்தப் பக்கம் திரும்புகிறது.
பதிலுக்கு அது அனுப்பும் துளிச் சர்க்கரைச் சொல்லுக்கு
கலத்தின் கருவில் கால்சியம்
விட்டுவிட்டு அதிர்கிறது,
கொடைக்கு முந்தின சாயங்காலம்
மேளக்காரர் தோலைத் தட்டிப் பார்ப்பதுபோல.
அந்த அடிகளை எண்ணத் தெரிந்த மரபணு ஒன்று உண்டு.
எண்ணி முடித்தால்
தாழ் விலகும்.

இருபத்தெட்டாம் நாள்.
சாதாரண வேரில் கலத்துக்குக் கலம்
மைநீல மரங்கள்.
சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொண்டு
மணிச்சத்து கொடுக்கும் மரங்கள்.
நாலைந்து நாளில் செடியே அவற்றைக் கரைத்துவிடும்,
பக்கத்துக் கலத்தில் வேறொன்று விரியும்.
இதைத் தங்கபுஷ்பத்திடம் போனில் சொன்னேன்,
மணல் அவள் விளையில் அள்ளியதுதானே.
"அப்ப இதுல யாரு நிலத்துக்காரன்,
யாரு வாரத்துக்கு உழுதவன்?" என்றாள்.
யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிறகு நாற்பத்தேழு.

நூல் வந்திருக்கிறது.
வேரின் தோல்மேல் ஊர்ந்து, தட்டையாகி,
பாதம்போல் அழுந்தி நிற்கிறது.
ஓரிடத்தில் அல்ல, பதினாறு இடத்தில்.
உள்ளே வெறும் வெள்ளை.
வேர்முடிச்சும் கிடையாது;
இரண்டு விருந்தாளிக்கும் ஒரே தாழ்.
ஜி இருக்கவேண்டிய இடத்தில்
ஓர் ஏ, அவ்வளவுதான் பிசகு.
செடி நாலு விரல் உயரம்,
கீழிலை ஊதாவாய்ச் சுருண்டுவிட்டது.

மைதீன் பிச்சை என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"படம் எல்லாம் எடுத்தாச்சா?"
எடுத்தாச்சு.
"அப்ப இதுக்கு மட்டும்
ஒரு கை உரம் போடட்டா?"

போடுங்க என்றேன்.