இருப்புப் பதிவேடு, பூம்பாறை

நாளை தணிக்கை.
கேரட் பாத்திகளில் நேற்றே உறைபனி விழுந்துவிட்டது.
ஆய்வக அலமாரிச் சாவி என்னிடம்.

மேல்தட்டில் உலோகங்கள்:
செம்புக் கம்பி, துத்தநாகத் துண்டு, மக்னீசிய நாடா.
தட்டினால் பதில் சொல்பவை.
எண்ணி முடிக்கக் கால்மணி நேரம்.

கீழ்த்தட்டுதான் வேலை வாங்கும்.

கந்தகம், இருநூறு கிராம்.
சுத்தியல் பட்டால் தகடாகாது, தவிடாகும்.
மின்சாரத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

கரி, ஒரு பொட்டலம்.
கூடவே கிராஃபைட் என்ற பெயரில் நான்கு பென்சில் முனைகள்.
இது மட்டும் குடும்ப வழக்கத்தை மீறி
மின்சாரத்தை உள்ளே விடும்.

அயோடின், பாதிப் புட்டிதான்.
யாரும் எடுக்கவில்லை.
உருகக்கூடக் காத்திராமல் ஊதா மூச்சாகி
மூடியிடுக்கில் கசிந்து
தன் பெயர்ச்சீட்டையே தின்றிருக்கிறது.
'தானாகப் போய்விட்டது' என்று எழுதினால்
தணிக்கையாளர் நம்புவாரா?

கடைசியாக அந்தப் புட்டி.
வெண் பாஸ்பரஸ், நாற்பது கிராம், தண்ணீருக்குள்.
எனக்கு முன் இங்கிருந்த எபனேசரின் சிவப்பு மையில்
'காற்றுப் படக்கூடாது.'
காற்றின்மேல் அதற்கு அவ்வளவு ஆசை.
முப்பது டிகிரி போதும், பற்றிக்கொள்ளும்.
தண்ணீர்தான் தடுத்து வைத்திருக்கிறது.
இன்றிரவு தண்ணீர் உறையும்,
உறைந்தால் பருக்கும்,
பருத்தால் கண்ணாடி விரியும்.

'கசிஞ்சா எப்படித் தெரியும்?'
காவலர் மாசிலாமணி கேட்டார்.
பூண்டு வாசம் வரும் என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது.
வீட்டுக்கு வீடு பரணில் பூண்டு,
புகை குடித்துத் தொங்கும் பூண்டு,
பேருந்து இருக்கையில், பத்து ரூபாய்த் தாளில்,
என் சட்டைக் காலரில்.
வேறெந்த ஊரிலும் அது எச்சரிக்கை.
இங்கே அது காற்று.

குளிருக்கென்று கரியடுப்பைத் தூக்கிவந்து
கதவைச் சாத்தப் போனார்.
வேண்டாம் அண்ணே, தாழ்வாரத்தில் வையுங்கள்.
கரிக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைத்தால்
நாம் விடும் மூச்சுதான்.
ஒன்றே கிடைத்தால், அரைப்பசியோடு
நம் ரத்தத்தில் நுழைந்து
ஆக்சிஜனின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.
எளிதில் எழுந்திருக்காது.
நிறமில்லை. வாசமில்லை.
பூண்டாவது நாறும்.

அவர் வெளியே அடுப்போடு.
நான் உள்ளே, கம்பளியில் சுற்றிய புட்டியை
மடியில் வைத்துக்கொண்டு.
என் சூட்டில் தண்ணீர் உறையாது.
அதே சூடு அதைக் கொளுத்தவும் போதும்,
நடுவில் அந்த இரண்டு விரல்கடைத் தண்ணீர்
இல்லாமல் போனால்.

மணிக்கொரு முறை விளக்கை அணைத்தேன்.
மூக்கை நம்ப முடியாத ஊரில்
இருட்டைத்தான் நம்பவேண்டும்:
கசிந்தால் வெளிறிய பச்சையில் ஒளிரும்.
இருட்டு.
இருட்டு.
மூன்றாம் முறையும் இருட்டு.
நான்காம் முறை, வெட்கமில்லாமல்,
கொஞ்சம் ஒளிராதா என்று பார்த்தேன்.

விடிந்தபோது குழாயடி வாளியில்
தண்ணீர் தட்டாக உறைந்து கிடந்தது.
மாசிலாமணி அதைக் கவிழ்த்து
இரண்டாக உடைத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

பாஸ்பரஸ், நாற்பது கிராம், நல்ல நிலை.

அயோடின் பத்தியை
இன்னும் நிரப்பவில்லை.