ஆளுக்குப் பாதி பக்கி

இந்த ஊரில் பிக்கப்புக்குப் பக்கி என்று பேர்.
எங்கள் பக்கிக்கு முப்பத்தொரு வயது,
பாக்கி எதுவும் இல்லை.
கரும்பாலை ஏலத்தில்
நானும் தம்பி பூபாலனும் பாதிப் பாதி போட்டு எடுத்தது.
திங்கள் முதல் வெள்ளி வரை என் முட்டைக்கு,
சனி ஞாயிறு அவன் மணலுக்கு.
பெட்ரோல் அவரவர் பாடு.

பிப்ரவரியில் எண்ணத் தொடங்கினேன்.
டோங்காட்டில் ஏற்றி
ஹம்பனாட்டி மேட்டில் முதல் கடையில் இறக்குவதற்குள்
நாற்பது தட்டில் பதினொன்று உடைந்திருந்தது.
மார்ச்சில் பதினாறு.
வெள்ளம் வந்து போன பிறகு
தார் இருந்த இடத்தில்
தார் இருந்தது என்ற பேச்சுதான் இருக்கிறது.
இருபத்து மூன்று.
வால்கதவு இடுக்கில் மஞ்சள் கரு வழிந்து காய்ந்து
பின்னால் வருகிறவர்கள் விளக்கடித்துச் சொல்கிறார்கள்,
வண்டிக்கு என்னவோ ஒழுகுகிறது என்று.

ம்தோகோசி பின்மூலையில் இரண்டு கையும் ஊன்றி
ஓர் அமுக்கு அமுக்கி விட்டான்.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலரை.
"நல்ல வண்டி ஒரு தடவை எழும்பி அடங்கும், சிசி.
இது சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது."
நானும் தம்பியும் சண்டை போடுவதை
அவன் கேட்டதில்லை.

வெருலத்தில் யூனுஸ் மூசாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை.
கண்ணாடி மேசைமேல் நாலு விதம்.
எண்ணெய் மட்டும் உள்ளது: மெத்தென்றிருக்கும், விலையும் மெத்து,
கரட்டுச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால்
உள்ளே நுரை தட்டிச் சோர்ந்துவிடும்.
கேஸ் அடைத்தது: சோராது, கொஞ்சம் விறைப்பு.
மணிக்கட்டுப் பருமனில் ஒரு ஹெவி டியூட்டி.
அட்டைப்பெட்டியில் பேரே இல்லாத நாலாவதை
யூனுஸே ஒற்றை விரலால் ஓரம் தள்ளினார்.

பூபாலன் தடியன்மேல் கை வைத்தான்.
"ஒரு டன் மணல் அக்கா. ஒரு டன்."
நான் மெத்தின்மேல்.

"பாரம் சுமப்பது அடியில் இருக்கிற பட்டை ஸ்ப்ரிங்.
இது சுமக்காது. ஆட்டத்தை அடக்கும், அவ்வளவே.
சுமக்கும் என்று நினைத்து இதை வாங்காதீர்கள்" என்றார்.
தம்பி காதில் வாங்கவில்லை.
நான் வாங்கினேன் என்றும் சொல்ல முடியாது.

"இடது எனக்கு, வலது அவனுக்கு என்று போடலாமா?"
விளையாட்டுக்குக் கேட்கவில்லை.
"ஓர் அச்சில் இரண்டும் ஒரே ரகமாக இருக்க வேண்டும்.
இல்லையென்றால் வளைவில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்,
இப்போது இழுக்கிற மாதிரி.
முன்னும் பின்னும் வேறாக இருக்கலாம்."

முன்பக்கம் எனக்கு விழுந்தது, கேஸ்.
பின்பக்கம் அவனுக்கு, தடியன்.
பில்லைப் பாதிப் பாதி கட்டி
வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது:
முட்டை போவது பின்பக்கம்.

திங்கட்கிழமை.
ம்தோகோசி அமுக்கினான். ஒன்று. அடங்கியது.
எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது.
ஆனால் ஒரு டன்னுக்கென்று பூட்டிய முதுகு
என் எழுபது கிலோவை மதிக்கவே இல்லை.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
தட்டுகள் விரற்கடை எழும்பிப் பொத்தென்று உட்கார்ந்தன.
முப்பத்தொன்று.

தம்பியிடம் சொல்லவில்லை.
சொன்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலரை.

செவ்வாய் விடியுமுன் வண்டி எடுக்கப் போகிறேன்.
பின்னால் ஆறு மூட்டை ஆற்று மணல்,
இன்னும் ஈரம், வாய் தைத்து, வரிசை பிசகாமல்.
மேலே நாலாய் மடித்த கம்பளி.
வால்கதவில் காய்ந்திருந்த மஞ்சளை
யாரோ சுரண்டிக் கழுவியிருந்தார்கள்.
அவன் வீட்டில் விளக்கு எரியவில்லை.

மணல்மேல் கம்பளி, கம்பளிமேல் தட்டு.
பக்கி தாழ்ந்து
கர்ப்பிணி படி இறங்குகிற மாதிரி இறங்கியது
ஒவ்வொரு பள்ளத்திலும்.
பெட்ரோல் கூடத்தான் குடித்தது, என் பாடு.
ஐந்து.

வெள்ளி இரவு அவன் மூட்டையை எண்ணினான்.
ஒன்று குறைகிறதாம்.
திரும்ப எண்ணினான்.

ஹம்பனாட்டி மேட்டில், முதல் கடைக்கு முன்னால்
முழங்கால் ஆழத்தில் ஒரு குழி இருந்தது.
இருந்தது.
நான் இன்னும் வாய் திறக்கவில்லை.