இறங்கும் வரிசை

போன குளிர்காலத்தில் இர்யா எழுதிய இயக்கியில்
தோல்விக்கென்றே ஐந்து வாசல்கள்.
நினைவகம் கிடைத்து, கடிகாரம் ஓடி,
பதிவேடுகளும் திறந்தபின்
குறுக்கீட்டுத் தடம் இல்லையென்று கர்னல் கை விரித்தால்
மூன்றாம் வாசலுக்குத் தாவ வேண்டும்.
அவள் இரண்டாவதற்குத் தாவிவிட்டாள்.
யாருக்காக ஓடுகிறோம் என்றே தெரியாமல்
ஒரு கடிகாரம் மார்ச் வரை ஓடியது.

இந்த வருடம் வாசல்களை இடித்தாள்.
வாங்கும்போதே சாதனத்தின் பேரில் எழுதிவிட்டால் போதும்;
அது கிளம்பும் நாளில்
கர்னலே பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்து
ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிடும்.
நாற்பத்தொரு வரிகள் போயின.
ஓஸ்மோ ஏலக்காய் ரொட்டி வாங்கி வந்தான்.

ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தாள்:
கடிகாரத்தைத் தன் கையாலேயே நிறுத்தும் வரி.
பழக்கம்தான்,
விளக்கை அணைத்தோமா என்று
பாதி வழியில் திரும்புவதுபோல.

அந்தச் சாதனம்
ஓவுலு ஆற்றுப் பனியில் வைத்த காது.
விரிசல் கேட்டால் செயலியின் தோளைத் தட்டும்.
பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
கரையோரக் கொட்டகையில் ஓஸ்மோ
இயக்கியை இறக்கச் சொல்லிக் கட்டளை அடித்தான்.

முதலில் இர்யாவின் கை: கடிகாரம் நின்றது.
பிறகுதான் கர்னலின் கை, பட்டியலோடு.
இரண்டுக்கும் நடுவே
இமைப்பொழுதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.
அந்த இடுக்கில்
நடு ஆற்றில் பனி பிளந்தது.

தோளில் தட்டு விழுந்தது. செயலி எழுந்தோடிப்
பதிவேட்டை வாசிக்கக் கை நீட்டியது.
நின்றுபோன கடிகாரத்திடம் பதில் இல்லை,
இல்லை என்ற பதிலும் இல்லை.
பலகை உறைந்தது.
ஓஸ்மோ கையுறையைக் கழற்றினான்,
விசைகளை அழுத்திப் பார்த்தான்,
மறுபடி மாட்டிக்கொண்டான்.

மூன்று இரவுகள் அவள் அதை வரவழைக்கப் பார்த்தாள்.
பனிக்குப் பதிலாக மேசையைக் கரண்டியால் தட்டினாள்.
நானூற்றுப் பன்னிரண்டாம் முறை உறைந்தது.
யாருமில்லாத அறையில்
வாய்விட்டுச் சிரித்தாள்.

கையை முழுதாக நம்பியிருக்கலாம்.
பட்டியலை முழுதாக நம்பியிருக்கலாம்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

நிறுத்தும் வரியையும் பட்டியலில் ஏற்றினாள்,
தடத்தைக் கேட்பதற்கு முன்பாகவே.
இனி முதலில் காது மூடும், பிறகு கடிகாரம் நிற்கும்.
விடைகொடுக்கும் செயற்கூறு
உள்ளே ஒன்றுமில்லாமல் நின்றது.
அதையும் அழித்தாள்.
ஓஸ்மோவுக்கு எழுதிய குறிப்பு ஒரே வரி:
பூட்ஸுக்கு முன்னால் காலுறை கழலாது.

வீட்டுக்குள் நுழைந்து
கோட்டு, பூட்ஸ், காலுறை
என்று வரிசையாகக் கழற்றிப் போட்டுத் தூங்கினாள்.
சாவியை எங்கே வைத்தோமென்று
காலையில் வெகுநேரம் தேடினாள்.