பழுப்பு

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
இரவு ஷிப்ட். மூன்றாவது உலைக்குள்
ஜவ்வரிசி அளவில் வெள்ளை மணிகள்.
வினையூக்கி என்று பலகையில் எழுதியிருக்கும்.
நாங்கள் அரிசி என்போம்.
"அரிசி எத்தனை மணி நேரம் தாங்குச்சு?"
மேலாளரின் காலை வணக்கமே அதுதான்.

திறந்துவிட்டால் ஓடிப்போகும் இரண்டு வாயுக்கள்
மணிகளின் மேல் சற்று உட்கார்ந்து
ஒன்றையொன்று பற்றிக்கொண்டு
கிளைவிட்ட திரவமாக இறங்குகின்றன.
பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் முனகாது.
இதே கல்யாணத்தை
பெரிய ஆலைகள் பலவற்றில்
ஓர் அமிலம் நடத்திவைக்கிறது.
கசிந்தால் அது மேலே போகாதாம்.
வெள்ளை மூட்டமாய், தரையோடு தரையாய்,
வேலி தாண்டித் தெரு விசாரித்துப் போகுமாம்.

திம்மராயன் அப்படி ஓர் ஆலையில் ஒன்பது வருடம்.
வலது சுண்டுவிரலில் நகம் முளைப்பதில்லை.
"மொதல்ல ஒண்ணுமே தெரியாது மேடம்.
தண்ணி பட்ட மாதிரிதான்.
சாயங்காலம்தான் எலும்பு கூப்பிடும்."
கால்சியம் களிம்புக் குழாய் ஒன்று
இன்னும் அவர் சட்டைப் பையில்.
இங்கே அந்த அமிலம் ஒரு சொட்டும் கிடையாதே என்றால்
"தெரியும்" என்று
பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

எலும்பின் பேச்சு எனக்கும் கொஞ்சம் தெரியும்.
பெண்ணாகரம் பக்கம், எழுநூறு அடி போர்.
தண்ணீர் கண்ணாடி மாதிரி, ருசியும் குறையில்லை.
பல் மட்டும் முளைக்கும்போதே பழுப்பு.
என்னைப் பார்க்க வந்தவர்கள்
பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை.
"கொஞ்சம் சிரிம்மா" என்றார்கள்.
சிரித்தேன்.
காபி குடித்துவிட்டுப் போனார்கள்.
கல்லூரியில் அந்த அமிலத்தின் பெயரை
முதன்முதலாய்ப் படித்தபோது
பாதிப் பெயர் எனக்குச் சொந்தக்காரனாய் இருந்தது.
எங்கள் ஊரில் துளியிலும் துளியாய்,
அங்கே டன் கணக்கில்.

பத்தொன்பதாம் மணி.
திரையில் கோடு சரிகிறது.
சேரவேண்டிய வாயு சேராமலே வெளியே வருகிறது.
அரிசியின் குறை இதுதான்.
ஊரைக் கொல்லாது, ஆனால் சீக்கிரம் களைத்துவிடும்.
பார்வைத் துளையில் டார்ச் அடித்தேன்.
மேலிருந்து கீழ்வரை பழுப்பு.
அந்த நிறத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

வாயுவை நிறுத்தி, ஹைட்ரஜனைத் திறந்து,
சூட்டை ஏற்றினோம்.
திம்மராயன் ராயக்கோட்டை தக்காளி ஏலம்போல் கூவினார்,
"நூத்தி எண்பது... இருநூத்திப் பத்து... இருநூத்தி அம்பது!"
நாலு மணிக்கு மறுபடி டார்ச்.
வெள்ளை.
முழுக்க இல்லை, அடியில் இரண்டு பிடி
அப்படியே நிற்கிறது. மற்றதெல்லாம் வெள்ளை.
நாக்கால் என் முன்பல்லைத் தடவிக்கொண்டேன்.
பொறாமையைப் பதிய
பதிவேட்டில் கட்டம் இல்லை.
"ஏழாவது மீட்பு. தொண்ணூற்றாறு சதவீதம்"
என்று மட்டும் எழுதினேன்.

போன மாதம் வந்த ஆலைக்காரர்கள்
டன் என்ன விலை என்றார்கள்,
எத்தனை மணி தாங்கும் என்றார்கள்,
உள்ளங்கையில் நாலு மணியை உருட்டிப் பார்த்தார்கள்.
பிறகு கடிதம் போடுகிறோம் என்று
காபி குடித்துவிட்டுப் போனார்கள்.
இன்னும் வரவில்லை.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.
திம்மராயன் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு
வால்வைத் திருப்புகிறார்.
பதிவேட்டில் புதுப் பக்கம்.
மறுபடி முதல் மணி.