பன்னிரண்டு நிமிடம்

லாரி புக்கிங் ஆபீசில் பதினோரு வருஷம்
லோடு எழுதியவள் நான்.
பத்து டன் ஏற்றினால் பட்டை எப்படி முனகும் என்று
சத்தத்திலேயே சொல்வேன்.
இங்கே கணக்கு கிலோவில்.
பைலட் எழுபத்தொன்று, பெட்ரோல் முப்பது,
பயணி எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது,
செருப்பையும் சேர்த்து.

வலசையூர் தாண்டி ஒரு சோளக்காடு,
முந்நூறு மீட்டர், குத்தகைக்கு.
ஊர்ப் பேரிலேயே வலசை இருக்கு என்றார் ஆரோக்கியதாஸ்,
முழங்காலில் தைலம் தேய்த்தபடி.
கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது மைக்ரோலைட்.
இரண்டு சீட்டு, ஒரு விசிறி.
டெல்லியிலிருந்து வரவேண்டிய காகிதம்
வந்துகொண்டே இருக்கிறது.

ஆறு மணிக்குக் காற்று இன்னும் படுக்கையில்.
ஒன்பதுக்கு மேல் பாறை சூடேறி
சேர்வராயன் மூச்சுவிடத் தொடங்கும்,
சரிவில் ஒரு குத்து, பள்ளத்தில் ஒரு இழுப்பு.
அதற்குள் எட்டுப் பேரை ஏற்றி இறக்கியாக வேண்டும்.
தலைக்கு மூவாயிரத்து இருநூறு.
பேரம் பேசினால் மூவாயிரம்.

அப்புறம் பாதை.
போன வருஷக் காலண்டரின் முதுகில் வரைந்தேன்.
மஞ்சவாடிப் பக்கம் திருமணிமுத்தாறு
நூலாய்ப் புறப்படுகிற மடிப்பு: இரண்டு நிமிடம்.
மலை விளிம்பில் சில்வர் ஓக் தலைகள்: ஒன்றரை.
வெள்ளைக்கல் குழிகள், கண் கூசும், சீக்கிரம் தாண்டவும்.
கமலாபுரம் பக்கம் மூக்கை நீட்டக் கூடாது,
அது பெரிய விமானத்தின் வாசல்.
ஜவ்வரிசிக் களங்களுக்கு ஒரு வட்டம்:
வானத்துக்கு யாரோ
வெள்ளைத் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி இருக்கும்.

ஆறு ஊருக்குள் நுழைகிற இடத்தில்
பென்சில் நின்றது.
நுரை.
இங்கேயே திருப்பிடுங்க, என்றேன்,
ஜருகுமலையைப் பார்க்கட்டும்.
குறுக்கே ஒரு கோடு போட்டேன், சிவப்பில்.
அவர் தலையாட்டினார்,
ஆமாம் என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும்
அவருக்கு ஒரே ஆட்டல்தான்.

ஒத்திகைக்கு நானே எடை. அறுபத்தெட்டு.
தரை விட்டது தெரியவில்லை,
அடிவயிறு மட்டும் ஒரு நொடி பின்தங்கி
அப்புறம் வந்து சேர்ந்தது.
களத்தில் ஜவ்வரிசி துழாவிய பெண்கள் நிமிர்ந்தார்கள்.
ஒருத்தி புறங்கையால் வெயிலை மறைத்தாள்.
காயப்போட்டதன் மேல் யாரும் நடக்கக் கூடாத அந்த வெள்ளையை
எங்கள் நிழல் மிதித்துக்கொண்டு போனது.

சிவப்புக் கோட்டைத் தாண்டினோம்.
காற்று தள்ளியதா, அவர் தள்ளினாரா,
இதுவரை நான் கேட்கவில்லை.
கீழே ஆறு,
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
மெருகு ஏறாத கொலுசாய்,
வெள்ளை வெள்ளையாய் வளைந்து.
அழகு.
சொல்லக் கூடாது, ஆனாலும்.
பாலத்தில் ஒரு கையால் வண்டி பிடித்து
மறுகையால் மூக்கைப் பொத்தியவர்கள்
ஆயிரம் அடியில் எறும்புகூட இல்லை.

மேல நாத்தம் வராதுல்ல? கத்தினேன்.
ஹெட்செட்டில் கரகரத்தது:
எதுவும் வராதும்மா.
அதுக்குத்தானே காசு.

இறங்கியதும் கோட்டை அழித்தேன்.
சிவப்பு முழுதாய்ப் போகவில்லை,
ஆற்றின் மேல் ஒரு கீறல் மிச்சம்.
ஒன்பதாவது நிமிடத்துக்கு எதிரே
என்ன எழுதுவதென்று யோசித்து
'ஆறு' என்று மட்டும் எழுதினேன்.

சாயங்காலம் அதே பாலத்தில்
மணல் லாரி குறுக்கே நின்று
என் மொபெட்டும் நின்றது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்,
பழக்க தோஷம்.
நாற்பத்திரண்டு வினாடி.
மேலே அது மூன்று.

அட்டவணையில் இன்னும் ஏற்றவில்லை.