முப்பது நாள் அவகாசம்

மேட்டூர் திறந்து மூன்று நாள்.
கூத்தாநல்லூர் தாண்டி இந்தப் பக்கம்
வாய்க்காலில் இன்னும் வெடிப்புதான்.
வண்டியை நிழலில் விட்டுப் படிவத்தை எடுத்தேன்:
நாலு பக்கம், நாற்பத்திரண்டு கேள்வி.

ரஹ்மத் மழலையர் பள்ளி.
பகலில் பிள்ளைகள், அசருக்குப் பிறகு மதரஸா.
உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன்.
கும்பகோணத்துக்குப் பிறகு
எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம்,
குழந்தைகளைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைப் பார்ப்பது.
கான்கிரீட். டிக் அடித்தேன்.

தீயணைப்பானுக்கு மார்ச்சோடு ஆயுள் முடிந்திருந்தது.
சிவப்பு வாளியில் மணல் இருந்தது,
மணலில் ஐஸ் குச்சி நட்டு
யாரோ ஒரு மினாரா கட்டியிருந்தார்கள்.
மணல் வாளி: உண்டு.
முதலுதவிப் பெட்டி: உண்டு.
திறந்தால் ஒரு பஞ்சுருண்டை, கொஞ்சம் கிராம்பு.
"பல்வலிக்கு மேடம்" என்றார் ஜெசிமா டீச்சர்,
யாருடைய பல் என்று சொல்லவில்லை.

சுவரில் அலிஃபும் ஆனாவும் ஏயும்
ஒரே ஆணியில் தொங்கின.

கேள்வி பத்தொன்பது:
சமயக் கருத்துகள் திணிக்கப்படுகின்றனவா, ஆம் / இல்லை.
பத்தரை மணிக்கு டப்பா திறந்தார்கள்.
எல்லோரும் பிஸ்மில்லாஹ் சொன்னார்கள்.
தர்ஷிகாவும் சொன்னாள்,
எதற்கும் இருக்கட்டும் என்று முருகா என்றும் சொல்லி
முறுக்கைக் கடித்தாள்.
கட்டத்துக்குள் என்ன போடுவதென்று தெரியாமல்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

பின்பக்கக் கதவுக்கு வந்தோம்.
டேப்பை நீட்டினேன். தாழ்ப்பாள் உயரம்
அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
ரய்யான், வயது நாலு,
நான் எழுதி முடிக்கும் முன்பே திறந்து காட்டினான்.
"இங்கதான் தண்ணி வரும்" என்றான்,
வீட்டுக்கு விருந்தாளி வருவதைச் சொல்வதுபோல.

கதவிலிருந்து வாய்க்கால் கரை
என் கால்களுக்கு ஏழு எட்டு.
அவனுக்குப் பதினைந்து. நடக்கச் சொல்லி எண்ணினேன்.

"காஞ்சுதானே கெடக்கு மேடம்" என்றார்
தாளாளர் ஜபருல்லா.
பொய் இல்லை. கரையில் ஒரு ஆடு
அடி வரை இறங்கி மேய்ந்துகொண்டிருந்தது.

லஸ்கர் பக்கிரிசாமிக்குப் போன் போட்டேன்.
"கல்லணை நாளைக்குத் தொறக்குறாங்கம்மா.
இங்க வெள்ளி, மிஞ்சினா சனி.
நாத்தங்காலா கேக்குறீங்க?"
இல்லை என்றேன்.
வேறு எதற்கு ஒருத்தி தண்ணீரைக் கேட்பாள் என்று
அவருக்குப் புரியவில்லை.

படிவத்தின் கடைசி வரி சென்னையில் அச்சானது:
குறைகளைக் களைய முப்பது நாள் அவகாசம்.
அச்சடித்தவர்களுக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது.
முப்பதை அடித்தேன். மேலே எழுதினேன்:
வியாழன் மாலைக்குள்.
எந்த விதிப்படி என்று மேலதிகாரி கேட்பார்.
ஆற்று விதிப்படி என்றால் சிரிப்பார்.

ஜபருல்லா படிவத்தை இரண்டு முறை படித்தார்.
கதவைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார்.
முகம் கொஞ்சம் சுருங்கியது.
அப்புறம் வெல்டருக்கு அவரே பேசினார்:
"வெள்ளிக்கிழமை நீ ஜும்ஆவுக்குப் போயிடுவ.
நாளைக்கே வா. கொக்கி என் தோள் உசரத்துக்கு வேணும்."
அவர் உயரமான மனிதர்.
ஜெசிமா டீச்சர் குட்டை.
ஒரு ஸ்டூல் வாங்க வேண்டும் என்றார் டீச்சர்.
ஸ்டூலை எங்கே வைப்பது என்பதில்
கால் மணி நேரம் போயிற்று.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது.
என் தெரு முனையில் எங்கள் துறையின் அங்கன்வாடி.
பக்கத்தில் குளம்.
நடுவில் கதவு இல்லை, தாழ்ப்பாள் இல்லை,
அளப்பதற்கு எதுவுமே இல்லை.
அதையும் பார்வையிடுகிறவள் நான்தான்.
போன வருடப் பதிவேட்டில்
என் கையெழுத்தில் ஒரே சொல்: திருப்தி.

வண்டியை நிறுத்தினேன்.
சாவியை எடுக்கவில்லை.
இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது.